சாம்பல் கிளியும் காக்டீலும் இருக்கும் அறைக்கு எந்த ஈரப்பதமூட்டி ஏற்றது?

சாம்பல்சிறகு (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டில் 7 வயதான ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றும் 3 வயதான காக்டீல் என்ற சிறு கொண்டைக்கிளி ஒன்றும் ஒரே அறையில், தனித்தனிக் கூண்டுகளில் இருக்கின்றன. அறையின் நீளமும் அகலமும் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர். குளிர்காலம் தொடங்கி அறைச் சூடேற்றியைப் போட்ட நாளிலிருந்து காற்று மிகவும் வறண்டுவிட்டது. சுவரில் மாட்டியிருக்கும் ஈரப்பதமானி பகலில் 30 சதவீதமும் இரவில் 26 சதவீதமும் காட்டுகிறது. சாம்பல் கிளியின் கால் தோல் செதில் செதிலாக உரிகிறது. மூக்குத் துளைகளின் ஓரத்தில் வெண்மையாக ஏதோ படிகிறது. முன்பெல்லாம் நிதானமாக இறகு கோதிக்கொண்டிருந்தவள் இப்போது மார்பு இறகுகளைக் கடித்து நுனிகளைச் சிதைக்கிறாள்.

ஆகவே ஈரப்பதமூட்டி, அதாவது ஹியூமிடிஃபையர், ஒன்று வாங்கலாம் என்று எண்ணி, முதலில் உறவினரிடமிருந்து அல்ட்ராசோனிக் வகைக் கருவியை இரவல் வாங்கி, குழாய்த் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் மேசையிலும் கூண்டுக் கம்பிகளிலும் மெல்லிய வெண்படலம் படிந்திருந்தது. காக்டீலின் இறகுப் பொடி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பறவைகள் போகாத பக்கத்து அறையின் கண்ணாடியிலும் அதே படலம் இருந்ததைப் பார்த்துப் பயந்து கருவியை நிறுத்திவிட்டேன். எங்கள் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள பொருட்களின் அளவு, 340 என்று மீட்டர் காட்டுகிறது.

இப்போது என் முன்னே மூன்று வகைகள் உள்ளன. வெண்புகை போல் குளிர்ந்த நீர்த்துளிகளை விடும் அல்ட்ராசோனிக் ஒன்று, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி விடுவது ஒன்று, ஈரத் திரியின் வழியே மின்விசிறி காற்றை இழுத்து விடும் ஆவியாதல் வகை ஒன்று. நான்ஸ்டிக் பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும் என்பதால் சூடாகும் எதையும் அந்த அறைக்குள் கொண்டுபோகவே தயக்கமாக இருக்கிறது. கடைகளில் உள்ள பல கருவிகளில் வாசனை எண்ணெய்த் தட்டு, காற்றில் மின்னூட்டம் ஏற்றும் அயனி பொத்தான், வண்ண விளக்கு என்று ஏதேதோ சேர்த்திருக்கிறார்கள். பறவைகளோடு இந்தக் கருவிகளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று காரணத்தோடு சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

முற்றத்துக்கூண்டு (மறுமொழி)

நீங்கள் கருவியை நிறுத்தியது சரியான முடிவு. அந்த வெண்படலம் உங்கள் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் உப்பு. அல்ட்ராசோனிக் கருவியின் அடியிலுள்ள சிறு தட்டு நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முறை அதிர்ந்து, தண்ணீரைச் சில மைக்ரான் அளவே உள்ள துளிகளாகச் சிதறடிக்கிறது. வெளியே வருவது நீராவி அன்று. தண்ணீரே பொடிப்பொடியாகக் காற்றில் ஏறுகிறது. ஆகவே தொட்டியில் எவையெல்லாம் இருந்தனவோ, உப்பாகட்டும் கிருமியாகட்டும், அவை துளிகளோடு சேர்ந்து வெளியே போகின்றன. துளி காய்ந்த பின் உப்புத் துகள் மட்டும் மிதந்துகொண்டிருக்கிறது. டி.டி.எஸ். 340 என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கரைபொருள் என்று பொருள். நாளொன்றுக்கு 3 லிட்டர் ஓட்டினால் ஒரு கிராம் கனிமப் பொடியை அந்த அறைக் காற்றில் தூவியதாக ஆகிறது. மேசையில் நீங்கள் கண்டது அதில் கீழே விழுந்த பங்குதான்.

மனிதர்களுக்கே இது நல்லதன்று எனும்போது பறவைகளுக்கு ஏன் இன்னும் கெடுதல் என்பதற்கு அவற்றின் மூச்சு அமைப்பே காரணம். நம் நுரையீரல் விரிந்து சுருங்கும். காற்று வந்த வழியே திரும்பிப் போகும். பறவையின் நுரையீரல் ஏறக்குறைய அசையாது. பெரும்பாலான பறவைகளுக்கு உடலுக்குள் 9 காற்றுப்பைகள் இருக்கின்றன. அவை துருத்திபோல் இயங்கி, நுரையீரலின் நுண்குழாய்கள் வழியாகக் காற்றை ஒரே திசையில் செலுத்துகின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று நுரையீரலைக் கடப்பதாலும், காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வு மிக மெல்லியதாக இருப்பதாலும், அவை ஆக்சிஜனை நம்மைவிடத் திறமையாக எடுத்துக்கொள்கின்றன, நஞ்சையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்கின்றன. இழுத்த காற்றில் கணிசமான பங்கு முதலில் போய்ச் சேருவது பின்பக்கக் காற்றுப்பைகளுக்கு. அந்தப் பைகளில் இரத்த ஓட்டம் மிகவும் குறைவு. அங்கே ஒரு பூஞ்சை வித்து தங்கிவிட்டால் உடலின் எதிர்ப்பும் மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் வரும் நோய் சாம்பல் கிளிகளை அதிகமாகத் தாக்குவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இதனால்தான் உங்கள் அறைக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு ஈரம் தருகிறது என்பதை இரண்டாவதாகவும், ஈரத்தோடு வேறு என்னவெல்லாம் தருகிறது என்பதை முதலாவதாகவும் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த நோக்கில் பார்த்தால் என் தேர்வு ஆவியாதல் வகை. 11 ஆண்டுகளாக என் கிளிகளின் அறையில் அதுதான் ஓடுகிறது. தொட்டியிலிருந்து திரி தண்ணீரை உறிஞ்சுகிறது, விசிறி அதன் வழியே அறைக் காற்றைச் செலுத்துகிறது, தண்ணீர் மூலக்கூறு மூலக்கூறாக ஆவியாகிறது. உப்பு திரியிலேயே தங்கிவிடுகிறது. சில வாரங்களில் திரி விறைத்துப் பழுப்பேறிப்போவதைப் பார்க்கும்போது, அல்ட்ராசோனிக் கருவியாக இருந்தால் இவ்வளவும் எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு துணுக்குறும். காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாதல் தானாகவே மந்தமாவதால், இவ்வகைக் கருவி அறையை நனைத்துவிடும் அளவுக்கு எளிதில் போகாது. சூடேற்றும் பாகம் இல்லாததால் நான்ஸ்டிக் பற்றிய கவலையும் இல்லை. ஆனால் ஆவியாதல் முறையையும் சூடேற்றியையும் ஒன்றாகச் சேர்த்த கலப்பு வகைகள் விற்பனையில் உள்ளன, அவற்றை வாங்கிவிடாதீர்கள். கண்ணுக்குப் புகைபோல் எதுவும் தெரியாததால் கருவி வேலை செய்யவில்லை என்று பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் வேலையைத் தொட்டியின் நீர்மட்டத்திலும் ஈரப்பதமானியிலும்தான் பார்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எப்போதும் நனைந்திருக்கும் திரியைக் கவனிக்காமல் விட்டால் அதுவே பூஞ்சைக்கு வீடாகும். திரியைத் தயாரிப்பாளர் சொல்லும் கெடுவைவிடச் சற்று முன்னதாகவே மாற்றிவிடுங்கள். கிருமிநாசினி பூசிய திரிகளைத் தவிர்த்துப் பூச்சற்ற திரியைக் கேட்டு வாங்குங்கள். கோடைக்குக் கருவியை எடுத்துவைக்கும்போது பழைய திரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். காயவைத்து அடுத்த ஆண்டு பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

இனி, கொதிக்கவைக்கும் வகை. கொதிநீரில் கிருமிகள் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன, உப்பும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது என்பதால் காற்றின் தூய்மையில் அது தாழ்ந்ததன்று. உங்கள் தயக்கம் நியாயமானது, அதற்கான காரணத்தைத் துல்லியமாகச் சொல்கிறேன். பி.டி.எஃப்.இ. என்ற நான்ஸ்டிக் பொருள் சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் சிதையத் தொடங்கி, மணமோ நிறமோ காட்டாத வாயுக்களை விடுகிறது. அவை சில நிமிடங்களிலேயே பறவையின் நுரையீரலில் இரத்தம் கசியச் செய்து உயிரைப் பறிக்கும். தண்ணீர் மூடியிருக்கும்வரை சூடேற்றும் தகடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. ஆனால் தண்ணீர் தீர்ந்து, தானாக நிற்க வேண்டிய பாகமும் பழுதானால், வறண்ட தகடு எவ்வளவு சூடாகும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. அதனால் அந்த வகைதான் வேண்டும் என்றால், தகட்டில் பி.டி.எஃப்.இ., பி.எஃப்.ஏ., எஃப்.இ.பி. ஆகிய பூச்சுகளில் எதுவும் இல்லை என்று தயாரிப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பெட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட வேறொரு வேதிப்பொருள். அது இல்லாமலே பி.டி.எஃப்.இ. பூச்சு இருக்கலாம். அறைக்குள் பறக்கவிடும் பறவைகள் இருந்தால் கொதிநீரும் சூடான ஆவி வாயும் தனி அபாயம். எண்ணிப் பார்த்தால், இத்தனை உறுதிமொழி கேட்டு வாங்குவதைவிட விசிறியும் திரியும் எனக்கு நிம்மதி தருகின்றன.

மூங்கில்கிளை (மறுமொழி)

முற்றத்துக்கூண்டு சொன்ன அனைத்தோடும் உடன்படுகிறேன். தொட்டியில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அதை மிகுந்த விலை கொடுத்துக் கற்றேன்.

என்னிடம் பட்ஜி என்ற சிறு கிளிகள் இரண்டு இருந்தன. அல்ட்ராசோனிக் கருவியின் தொட்டியில் சற்று நாற்றம் வரவே, அதற்கென்றே விற்கப்படும் திரவம் ஒன்றை வாங்கி, அட்டையில் குறித்த அளவில்தான் கலந்தேன். அன்று மாலையே ஆண் பட்ஜி அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. சன்னல்களைத் திறந்து, இரண்டையும் வேறு அறைக்கு மாற்றி, பறவை மருத்துவரிடம் கொண்டு ஓடினேன். ஆக்சிஜன் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். பெண் பிழைத்தது, ஆண் விடியுமுன் போய்விட்டது. அந்தத் திரவம்தான் காரணம் என்று மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று அந்த அறையில் மாறிய பொருள் அது ஒன்றுதான்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தென் கொரியாவில் நடந்ததை அறிந்தேன். அங்கே 1994 முதல் ஈரப்பதமூட்டித் தண்ணீரில் கலப்பதற்கென்று கிருமிநாசினிகள் விற்கப்பட்டன. பி.எச்.எம்.ஜி. என்ற வேதிப்பொருள் அவற்றில் முக்கியமானது. தோலில் பட்டால் பெரிய தீங்கு இல்லை என்று கருதப்பட்ட பொருள் அது. மூச்சோடு நுண்துளிகளாக உள்ளே போனபோது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போயிற்று. 2011-இல் காரணம் கண்டறியப்பட்டு விற்பனை நிறுத்தப்படுவதற்குள் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்துவிட்டார்கள். கையில் பட்டால் பாதுகாப்பானது என்ற சான்று, மூச்சில் கலந்தால் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. அட்டையில் 'இயற்கையானது' என்றோ 'செல்லப்பிராணிகளுக்கு ஏற்றது' என்றோ எழுதியிருப்பதை நான் இப்போது படிப்பதுகூட இல்லை.

வாசனை எண்ணெய்த் தட்டு உள்ள கருவியைத் தட்டைப் பயன்படுத்தாமல் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். வீட்டுக்கு வரும் ஒருவர் நல்ல எண்ணத்தோடு நான்கு சொட்டு யூகலிப்டஸ் எண்ணெய் விட்டுவிட்டால் போதும், பறவைகளுக்கு ஆபத்து. ஆகவே தட்டே இல்லாத கருவியை வாங்குங்கள். முன்பு எண்ணெய் ஊற்றிப் பயன்படுத்திய கருவியை இரவலாகவோ பழையதாகவோ வாங்குவதும் வேண்டாம், ஏனெனில் பிளாஸ்டிக்கில் ஊறிய எண்ணெய் கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. அயனி பொத்தான் உள்ளவற்றில் சில ஓசோனை உண்டாக்கும். ஓசோன் மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு. அந்தப் பொத்தானை அணைத்துவைக்க முடிந்தாலும், மின்சாரம் போய் வந்ததும் தானே இயங்கத் தொடங்கும் கருவிகள் இருக்கின்றன.

நாற்றம் வராமலிருக்கத் திரவம் தேவையில்லை, ஒழுங்கான கழுவல் போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991-இல் வெளியிட்ட கையேடு, தொட்டியைத் தினமும் காலி செய்து துடைத்துப் புதுநீர் நிரப்பவும், மூன்று நாளுக்கு ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவவும் சொல்கிறது. அது மனிதர் வசிக்கும் வீட்டுக்கு எழுதியது. பறவை அறையில் அதைக் குறைந்த அளவு என்றே நான் கொள்கிறேன். உப்புப் படிவுக்கு வினிகர் அல்லது சிட்ரிக் அமிலக் கரைசல், வழவழப்புக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, இவற்றை ஒன்றாகக் கலக்காமல் வெவ்வேறு நாளில் பயன்படுத்தி, பலமுறை அலசி, காயவைத்த பிறகே உள்ளே கொண்டுவருகிறேன். கழுவும் வேலை முழுவதும் பறவைகள் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். பிளீச்சையும் வினிகரையும் மறந்தும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் குளோரின் வாயு வெளிவரும்.

விடியல்கீச்சு (மறுமொழி)

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். தாயில்லாக் குஞ்சுகளை வளர்க்கும் சிறு பெட்டி அறைக்கு நான் அல்ட்ராசோனிக் கருவியைத்தான் 5 ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுவேன். தொட்டியை நாள்தோறும் தேய்த்துக் கழுவுவேன். ஒரு நாள் முடியாவிட்டால் அன்று கருவி ஓடாது. இந்த ஒழுங்கோடு அதைப் பயன்படுத்த முடியும் என்பது என் அனுபவம். ஆனால் அந்த ஒழுங்கை ஒரு குளிர்காலம் முழுவதும், ஒரு பெரிய அறைக்கு, நாளுக்கு ஒன்றரை லிட்டர் வடித்த நீரோடு காப்பாற்றுவது கடினம் என்பதால், உங்களுக்கு நானும் திரி வகையையே சொல்வேன்.

என் உண்மையான கவலை வேறு. மூக்கோரப் படிவும் இறகு கடிப்பும் வறட்சியால் மட்டும் வருவதில்லை. சாம்பல் கிளிகளுக்கு வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, தொண்டைச் சவ்வுகள் தடித்து உலர்ந்துபோகும். முழுக்க முழுக்க விதைகளையே உண்ணும் பறவைகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. மூக்குத் துளைக்குள் கல்போல் இறுகிய படிவு இருந்தால் அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், நகத்தாலோ ஊசியாலோ நாம் தொடக் கூடாது. கருவி வந்து இரண்டு வாரம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், இந்த வாரமே பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைத்துவைப்பவை என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

சாம்பல்சிறகு (கேள்வியைத் தொடர்ந்து)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூங்கில்கிளை, உங்கள் பட்ஜிக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கனத்துப்போனது. அதை எழுதியதற்கு உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மருத்துவரிடம் நாளை மறுநாளுக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஆவியாதல் வகைதான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

இன்னும் சில ஐயங்கள் உள்ளன. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினால் உப்பு குறையுமா? எங்கள் அறைக்கு எவ்வளவு பெரிய கருவி தேவை, ஈரப்பதத்தை எந்த அளவில் நிறுத்த வேண்டும்? என் ஈரப்பதமானி மலிவானது, அதை நம்பலாமா? கருவியை எங்கே வைப்பது? ஈரம் கூடினால் காக்டீலின் பொடியும் அடங்கிவிடுமா?

முற்றத்துக்கூண்டு (மறுமொழி)

ஈரப்பதமானியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மற்றவை எல்லாம் அது காட்டும் எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் ஈர மணல்போல் ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக வைத்து மூடி, ஒரு முழுநாள் அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்து நிற்கும். உங்கள் கருவி 70 காட்டினால் 5 குறைத்துக் காட்டுகிறது என்று கொண்டு அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் அதைச் சுவரிலிருந்து எடுத்து, பறவைகளுக்கு எட்டாதபடி, கூண்டின் உயரத்தில், கூண்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சூடேற்றிக்கு மேலே உள்ள சுவர் சொல்வதும் கூண்டருகே உள்ள காற்று சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

உங்கள் அறை வறண்டுபோன காரணமும் அளவும் கணக்கில் தெளிவாகத் தெரிகின்றன. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சிய டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. வெளியிலுள்ள குளிர்காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதே 5 கிராம்தான் அதில் இருக்கிறது, ஆனால் தாங்கும் அளவு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதனால்தான் மானி 30-க்குக் கீழே நிற்கிறது. உங்கள் அறையின் கொள்ளளவு 48 கன மீட்டர். 30 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்கு உயர்த்தக் கன மீட்டருக்கு இரண்டரைக் கிராம் என்று, மொத்தம் 125 கிராம் தண்ணீர் போதும். கதவு, சன்னல் இடுக்குகள் வழியே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக் காற்று முழுதும் மாறுவதாகக் கொண்டால், மணிக்கு 60 கிராம், நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஆவியானால் அந்த நிலை நிற்கும். காற்று இன்னும் வேகமாக மாறும் வீடு என்றால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மண்டபத்துக்கான கருவி வேண்டியதில்லை. தொட்டி மூன்று, நான்கு லிட்டர் பிடித்தால் போதும், வாய் அகன்று, கை உள்ளே போய்த் தேய்க்கும்படி இருக்க வேண்டும். நான் கருவி வாங்கும்போது முதலில் பார்ப்பது இந்த வாய் அகலத்தைத்தான்.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் கிளி நூல்களில் 40 முதல் 60 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் நீங்கள் 60-ஐ நாட வேண்டாம். 20 டிகிரி அறையில் 60 சதவீதம் ஈரம் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் வியர்க்கும். சன்னல் கண்ணாடியும் வெளிச்சுவர் மூலையும் அவ்வளவு குளிர்ந்திருக்கும். அங்கே வியர்த்த நீரில் பூஞ்சை பிடித்தால், வறட்சியிலிருந்து காப்பாற்றப் போய் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம். 45 சதவீதம் என்றால் அந்த வரம்பு 8 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. காலையில் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் 40-க்குக் குறைத்துவிடுங்கள். ஈரம் கூடிய அறையில் கூண்டின் அடித்தாள், ஊறவைத்த தானியம், நறுக்கிய பழம் எல்லாம் விரைவில் கெடும் என்பதால் அவற்றை எடுக்கும் நேரத்தையும் முன்தள்ள வேண்டியிருக்கும். காக்டீலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதன் இனம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளில் வாழ்வது. இந்த ஈரம் தேவைப்படுவது மழைக்காட்டு இனமான சாம்பல் கிளிக்குத்தான்.

கொதிக்கவைத்த நீரைப் பற்றிக் கேட்டீர்கள். கொதிக்கும்போது ஆவியாகிப் போவது தண்ணீர். உப்பு பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. கால்சியத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்து கழிவது உண்மைதான், மீதி அப்படியே நிற்கும். அதுபோலவே, கடினநீரை மென்னீராக்கும் கருவி கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைச் சேர்ப்பதால் டி.டி.எஸ். பெரிதாகக் குறையாது. ஆர்.ஓ. நீர் கிடைத்தால் திரி நெடுநாள் உழைக்கும். கிடைக்காவிட்டாலும் திரி வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது பறவைக்குக் கேடில்லை, திரியின் ஆயுள்தான் குறையும்.

பொடி அடங்காது. காக்டீலும் சாம்பல் கிளியும் இயல்பிலேயே இறகுப்பொடி உதிர்க்கும் இனங்கள். 45 சதவீத ஈரம் அதை நிறுத்திவிடாது. அதற்கு நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள, அயனி அமைப்பு அறவே இல்லாத காற்றுச் சுத்திகரிப்பானும், வாரம் சில முறை குளியலும்தான் வழி. இளஞ்சூடான வெறும் தண்ணீரைக் கைத்தெளிப்பானில் எடுத்து, தலைக்கு மேலிருந்து மழைபோல் விழும்படி தெளித்தால் பெரும்பாலான சாம்பல் கிளிகள் சிறகை விரித்துக் கொடுக்கும். கடித்த இறகு முளைக்கும் காலத்தில் இந்தக் குளியல் கருவியைவிடப் பெரிய உதவி என்பது என் நம்பிக்கை. காலையில் குளிப்பாட்டினால் இரவுக்குள் நன்றாக உலர்ந்துவிடும்.

கருவியைக் கூண்டிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, காற்று கூண்டின் மேல் நேராகப் படாதபடி வையுங்கள். ஆவியாதலில் வரும் காற்று சற்றுக் குளிர்ந்திருக்கும். மின்கம்பியைக் குழாய்க்குள் விட்டோ மேசைக்குப் பின்னால் கொண்டுபோயோ மறைத்துவிட வேண்டும், சாம்பல் கிளியின் அலகுக்கு அது ஒரு நிமிட வேலை. புதுக் கருவியைப் பிரித்த உடனே பறவை அறையில் வைக்காமல், பிளாஸ்டிக் நாற்றம் போகும்வரை மூன்று, நான்கு நாள் வேறு அறையில் சன்னலைத் திறந்துவைத்து ஓட்டுங்கள்.

உங்களிடம் காக்டீல் இருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். காக்டீல்கள் இரவில் சிறு ஓசைக்கும் திடீர் வெளிச்சத்துக்கும் அரண்டு கூண்டுக்குள் முட்டி மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும் இயல்புடையவை. விசிறி தானே நின்று தானே ஓடும் ஏற்பாட்டை இரவில் பயன்படுத்தாதீர்கள். ஒரே சீரான குறைந்த வேகத்தில் இரவு முழுதும் ஓடட்டும். வண்ண விளக்கு இருந்தால் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். முதல் ஒரு வாரம் பகலில் மட்டும் ஓட்டி, இரண்டும் அந்த இரைச்சலைப் பொருட்படுத்தாமல் தூங்கிவழிகின்றன என்று கண்ட பிறகு இரவிலும் விடலாம். அந்த முதல் சில இரவுகளில் கூண்டருகே மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.